அம்மாவின் அரளியும் என் சீனியும்

எங்கள் ஊரில் தோட்டம் என்றால் எஸ்டேட். ரப்பர்ப் பால்மரமோ எண்ணெய் எடுக்கிற செம்பனையோ நிற்கிற, விடியலில் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு நடக்கிற இடம்தான் தோட்டம். வீட்டை ஒட்டிச் செடி வைக்கிற துண்டு நிலத்துக்குக் கொல்லை என்று பேர். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தாமான் என்கிற பழைய வீடமைப்புக் குடியிருப்பு ஒன்றின் மூலை வீடு எங்களுடையது. பக்கவாட்டில் 12 அடி அகலம், 30 அடி நீளம். அதுதான் என் கொல்லை. தையல் மெஷினை அந்தப் பக்கத்து ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே வெளியே பார்க்கலாம்.

2022 தொடக்கத்தில் என் மகள் பாசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே இரண்டு முயல் குட்டிகள். ஒன்று முழு வெள்ளை, சீனி. இன்னொன்று வெள்ளையில் கறுப்புப் புள்ளி, மிளகு. இரண்டும் ஆண் என்று சொல்லி விற்றிருந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு விடியற்காலை மிளகு தன் நெஞ்சு முடியைப் பிடுங்கிப் படுக்கை போட்டு ஐந்து குட்டி ஈன்றபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. முயலுக்கு 31 நாள்தான் சினை. குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினையாகும். அதனால் அன்றைக்கே இரண்டையும் பிரித்து வைத்தோம். குட்டிகளில் பஞ்சு என்ற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் ஈப்போவில் மிருக டாக்டரிடம் காட்டி மிளகுக்கும் பஞ்சுக்கும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டோம். பெண் முயலுக்கு வயது ஏற ஏற அங்கே புற்றுநோய் வருவது சகஜமாம். செலவு கணிசம்தான். ஆனாலும் செய்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

ரவிக்கை தைக்க வருகிற அக்காக்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "கொல்லையில விட்டுட்டா தானா மேஞ்சுக்கும்ல?" என்பார்கள். அந்த "தானா"வை நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

அம்மாவுக்கு இப்போது 73 வயது. 20 வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பு, கையில் குழாய், வரிசை வரிசையாகப் பால்மரத்துக்கு அடியில் புல்லுக்கு மருந்து. தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடு போய் நாங்கள் டவுனுக்குக் குடிவந்தபோது, தோட்டத்து மாரியம்மன் கோயில் ஓரத்தில் நின்ற செவ்வரளியில் ஒரு கொம்பு ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்தார். கொல்லையில் நட்டது, வேலிக்கு மேலே வளர்ந்து விட்டது. வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு அந்தப் பூதான். கோயில் இருந்த இடம் இப்போது செம்பனை. அம்மாவுக்கு மிஞ்சியது அந்த மரம்.

முயலை முதன்முதலாக வெளியே விட்டபோது எனக்கு அரளியைப் பற்றிய பயம் இருந்தது. அரளி விஷம் என்று நம்மில் தெரியாதவர் யார்? ஆனால் ஒன்பது மாதம் சீனியும் மிளகும் அதனடியில் நிழலுக்குப் படுத்தனவே தவிர, ஓர் இலையைக்கூடக் கடிக்கவில்லை. ஒருமுறை சீனி முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைத் திருப்பிக்கொண்டதை நானே பார்த்தேன். "வாயில்லா ஜீவனுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு தெரியும்" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை கொல்லையைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று அரளியின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துச் சுவரோரம் குவித்தேன். அதை மூட்டை கட்டி வெளியே வைத்திருக்க வேண்டும். உள்ளே பதினான்கு ரவிக்கையும் நான்கு பஞ்சாபி சூட்டும் காத்திருந்தன. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சனிக்கிழமையும் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மாலை ஐந்தரைக்கு, சீனியின் முறை வந்தது, கூண்டைத் திறந்துவிட்டு மறுபடி தைக்க உட்கார்ந்தேன்.

பச்சையாக மரத்தில் இருக்கும்போது அரளி இலை கடும் கசப்பு. வெட்டி வாட விட்டால் அந்தக் கசப்பு மட்டுப்படும், விஷம் மட்டுப்படாது. சருகானாலும் போகாது. ஆடு மாடும் பெரும்பாலும் அப்படித்தான் சாகின்றன, நிற்கிற மரத்தைத் தின்று அல்ல, வெட்டிப் போட்ட கிளையைத் தின்று. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

எட்டு மணிக்கு அதைத் தேடிப் போனபோது துளசி மாடத்துக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினேன், முகரவில்லை. தூக்கி மடியில் வைத்தேன். முயலின் இதயம் நல்ல நாளில் எண்ண முடியாத வேகத்தில் அடிக்கும், உள்ளங்கையில் ஓர் அதிர்வாக மட்டுமே தெரியும். அன்றைக்கு என் கைக்குக் கீழே அது ஓடியது, நின்றது, இரண்டு அடி அடித்தது, மறுபடி நின்றது. மெஷின் பெல்ட் தளர்ந்து வழுக்கும்போது ஊசி அப்படித்தான் போகும்.

டார்ச் எடுத்துக் குவியலைப் பார்த்தேன். முயல் கடித்தால் பிசிறிருக்காது. கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிய மாதிரி இருக்கும். குவியலின் ஓரத்தில் ஏழெட்டு இலைகள் அப்படிச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தன. ஒரு குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அண்ணன் கார் ஓட்டினார். ஈப்போவில் ஒரு டாக்டர் கிளினிக்கைத் திறந்து வைத்திருப்பதாகப் போனில் சொல்லியிருந்தார். வழியில் செமோர் ஊரைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் சீனி போய்விட்டது.

இருந்தாலும் டாக்டரிடம் போனோம். குச்சியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அரளி விஷம் நேராக இதயத் துடிப்பின் ஒழுங்கைத்தான் குலைக்கும் என்றார். "வாந்தி எடுக்க வெச்சிருக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். முயலால் வாந்தி எடுக்கவே முடியாதாம். அதன் வயிற்று அமைப்பு அப்படி. உள்ளே போனது முழுக் குடலையும் கடந்துதான் வெளியே வர வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் வேண்டாததைக் கக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. முயலுக்கு அந்த வழி இல்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒன்றைச் சொல்லத்தான். நம் வீட்டு முயல் கூண்டில் பிறந்து, பெட்டியில் வந்து சேர்ந்தது. எதைத் தின்னலாம் என்று அதற்குக் காட்டிக்கொடுக்கத் தாய் கூட இல்லை. முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம். நம் கெளாடி என்கிற சேம்பு வகைகளையும் மரவள்ளியையும் அதன் முன்னோர் கண்டதே இல்லை. அதற்குத் தெரியும் என்று அதன் தலையில் பொறுப்பைக் கட்டிவிடாதீர்கள். நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

தீபாவளி முடிந்த வாரம், கொல்லையில் என்னென்ன இருக்கிறது என்று செடி செடியாகப் பார்த்தேன். வயிறு கலங்கிப் போனது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கொடுத்த அடீனியம், அரளியின் உறவுதான், அதே வகை விஷம். பிள்ளையாருக்கு வைத்திருந்த எருக்கும் இதயத்தைத்தான் தாக்கும். சிறுநீரகக் கல்லுக்கு நல்லதென்று யாரோ கொடுத்த ரணகள்ளி, நமக்கு மருந்து என்கிறோம், ஆடு மாட்டைக் கொன்றிருக்கிறது. மஞ்சள் அலமண்டா. கெளாடி வகைகளும் மணி பிளாண்டும் வேறு விதம். அவற்றின் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான உப்புப் படிகங்கள், கடித்ததும் வாயிலும் தொண்டையிலும் குத்தி வீங்க வைக்கும். சேப்பங்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நம் நாக்கு அரிக்குமே, அந்த அரிப்புத்தான்.

மரவள்ளியை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் பாட்டி தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்றே பிள்ளைகளைக் காப்பாற்றியவர். எங்கள் குடும்பத்தில் அந்தச் செடிக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் அதன் பச்சை இலையில் சயனைடு வரும். அதனால் அதைப் பின்புறம், அடுப்படி வாசலுக்கு அந்தப் பக்கம் மாற்றினோம்.

செடி ஒவ்வொன்றையும் காப்பதைவிட இடத்தையே இரண்டாகப் பிரிப்பது சுலபம் என்று அண்ணன்தான் சொன்னார். 30 அடியில் 18 அடி முயலுக்கு, 12 அடி எனக்கு. நடுவில் இடுப்பு உயர வேலி. கோழிக்கு அடிக்கிற அறுகோண வலையை வாங்கப் போனேன், வேண்டாம் என்று தடுத்தார். அதை முயல் பல்லாலேயே அறுக்கும், நாய் காலால் கிழிக்கும். அரை அங்குலச் சதுரம், பற்றவைத்த கம்பி வலைதான் வாங்கினோம். முயல் தோண்டாமல் இருக்க வலையைக் குழிவெட்டி இறக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எங்கள் மண்ணில் அது துருப்பிடித்து இரண்டு மழையில் போய்விடும் போலிருந்தது. அதனால் வேலியடியில் உட்புறமாக இரண்டடி வலையைத் தரையோடு தரையாக விரித்து, மேலே கல் அடுக்கினோம். முயல் எப்போதும் வேலியை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும். நகம் கம்பியில் பட்டதும் விட்டுவிடும். வெளிப்புறமும் அதே மாதிரி, நாய்க்காக.

இரவில் மட்டும் கொல்லையே கிடையாது. இதில் நான் மிகக் கண்டிப்பு. செம்பனைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் சாவா வரும். மலைப்பாம்பைத்தான் நாங்கள் மலாயில் சாவா என்கிறோம். எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனை. மூன்றாவது வீட்டுக் கோழிக்கூண்டில் ஒருமுறை கைத்தடி கனமுள்ள சாவா உள்ளே நுழைந்து ஒரு கோழியை விழுங்கிவிட்டு, வந்த ஓட்டை வழியே வெளியேற முடியாமல் கிடந்தது. நுழையும்போது அதன் வயிறு காலி, அதை மறந்து ஓட்டையின் அளவைக் கணக்குப் போடக் கூடாது. கூரையில் மூசாங் என்கிற மரநாய் ஓடுகிற சத்தம் வாரத்துக்கு இரண்டு நாள் கேட்கும். பகலில் கால்வாயிலிருந்து பியாவாக் என்கிற உடும்பு ஏறி வரும். குட்டி இருக்கும்போது காக்காயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே பொழுது சாய்ந்ததும் பின் அடுப்படியில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிற கூண்டுக்குள் போய்விட வேண்டும். கூண்டுக் கால்கள் நான்கும் தண்ணீர்க் கிண்ணத்தில், எறும்பு ஏறாமலிருக்க. தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

கொசு என்றதும் நினைவு வருகிறது. டிங்கிக் காய்ச்சல் வந்தால் தாமானில் புகை அடிக்க வருவார்கள். மெஷின் சத்தம் முதல் தெருவில் கேட்டாலே முயலைத் தூக்கிக்கொண்டு மாடியறைக்கு ஓடிவிடுவேன். ஜன்னலையெல்லாம் சாத்தி, கதவடியில் ஈரத்துண்டு. புகை அடித்த பிறகு கொல்லைப் புல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நல்ல மழை பெய்யும் வரை அந்தப் புல்லை மேய விடுவதில்லை.

புல்லைப் பற்றித்தான் அம்மாவிடம் நான் அதிகம் கற்றேன். முயலின் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகத்தான் இருக்க வேண்டும். அதன் பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், நார் உள்ள புல்லை அரைத்தால்தான் தேயும். கடையில் விற்கிற திமோதி காய்ந்த புல்லை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகவில்லை. அதனால் அண்ணன் மோட்டாரில் போய்த் தோட்டத்து ஓரத்தில் புல்லறுத்து வந்தார். தளதளவென்ற பச்சை. அம்மா ஒரு பிடி எடுத்து முகர்ந்தார், தாளை விரலால் நீவினார், "எந்த ரோட்டோரம்?" என்று கேட்டார்.

"பழைய நம்பர் பத்து பக்கம்மா."

"போடாத. அங்க போன வாரம் பம்பு தூக்கிட்டுப் போனாங்க, பஸ்ஸில வரும்போது பார்த்தேன்."

"பச்சையாத்தானேம்மா இருக்கு?"

"அதுதான் ஏமாத்தும்."

அம்மா காலத்து பாராகுவாட் மருந்து அடித்தால், வெயிலில் அன்றைக்கே புல் கருகிவிடும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளலாம். அந்த மருந்து பட்டுப் பட்டு அம்மாவின் வலது கையில் இரண்டு நகம் ஒழுங்காகவே வளர்வதில்லை. மூக்கில் ரத்தம் வடிந்த நாட்களை நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் அதற்கு 2002-ல் தடை அறிவித்தார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1-லிருந்துதான் முழுத் தடை வந்தது. இப்போது பரவலாக அடிக்கிற கிளைஃபோசேட் வேறு மாதிரி. இலை வழியாக உறிஞ்சி வேருக்கு இறங்கிக் கொல்லும், மெதுவாக. நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம் வரை புல் பச்சையாகவே நிற்கும். அம்மா மருந்தடித்த புல்லை அறுத்தவர் இல்லை, ஆனால் அது சாகிற ஒவ்வொரு நாளையும் நடந்து பார்த்தவர். அன்றைக்கு அண்ணன் கொண்டுவந்த மூட்டையில் ஒரு பிடியைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்திலேயே எங்கள் கொல்லைப் புல் ஒரு பிடி. எதற்கு என்று கேட்டேன். அறுத்த புல்லில் ஒன்றும் தெரியாது, அறுத்த இடத்தைப் போய்ப் பார் என்றார், இது உன் அண்ணன் மறக்காமலிருக்க. ஐந்தாம் நாள் அந்த ரோட்டோரம் முழுக்க மஞ்சள்.

இப்போது புல் எங்கள் கொல்லையிலிருந்தும், மருந்தே அடிக்காத ஒரு தெரிந்தவர் வீட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்தும் மட்டும்தான். அறுக்கும்போது தொட்டாற்சிணுங்கியைப் பொறுக்கி எடுத்துவிடுகிறோம். சூபாபுல் என்கிற சவுண்டல் தழையும் போடுவதில்லை. ஆட்டுக்குப் போடுகிறோமே என்பார்கள், முயலுக்கு அது அதிகமானால் முடி கொட்டும். புல்வெட்டி மெஷின் கொத்திப் போட்ட புல்லும் கூடாது. கொஞ்ச நேரத்தில் சூடேறிப் புளித்துவிடும், வயிறு ஊதும்.

நத்தை விஷயத்தில் நூலிழையில் தப்பித்தோம். மழைக்காலத்தில் கீரையெல்லாம் பெரிய நத்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. தெரிந்த ஒருவர் நீல நிற மருந்துக் குருணை கொடுத்தார். பாக்கெட்டைப் பிரித்தபோது தவிட்டு வாசம் வந்தது. தவிடு சேர்த்த தீவனம் மாதிரித்தான் அந்தக் குருணை செய்கிறார்கள், நத்தை விரும்பி வர. முயலும் விரும்பும். மெட்டால்டிஹைடு என்று பேர் போட்டிருந்தது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது இரவு ஒன்பதுக்கு டார்ச்சும் பழைய பெயிண்ட் டின்னுமாக நானே பொறுக்குகிறேன்.

முயல் பக்கத்தில் என்ன நட்டிருக்கிறேன் என்று பலர் கேட்கிறார்கள். செம்பருத்தி, வேலி நெடுக. இந்த நாட்டின் தேசிய மலர், நம் அம்மனுக்கும் ஆகும், முயலுக்கோ பூவும் இலையும் இரண்டும் விருந்து. மல்பெரி ஒரு மரம், கொம்பு நட்டாலே வரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். முருங்கை. துளசி, புதினா. சர்க்கரைவள்ளிக் கொடியைத் தரையில் படர விட்டேன், மிளகு ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிட்டது. இப்போது பக்கெட்டில் வளர்த்துக் கொடுக்கிறேன். வாழை நிழலுக்கு. நிழல் ரொம்ப முக்கியம். முயலுக்கு வேர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். மதியம் 33, 34 டிகிரிக்குப் போகிற நாளில் காதின் உள்பக்கம் சிவந்து, மூக்கு படபடவென்று அடிக்கும். அப்போது ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, ரவிக்கைத் துணி மிச்சத்தில் நான் தைத்த உறையில் போட்டுப் பக்கத்தில் வைத்தால், பஞ்சு அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்கிறது. அந்த உறை பச்சைப் பட்டுத்துணி, ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் மிஞ்சியது.

தினமும் காலையில் நான் முதலில் பார்ப்பது புழுக்கையை. கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் சின்னதாக, உருண்டையாக, உலர்ந்து, நிறைய இருந்தால் நிம்மதி. குறைந்தாலோ சங்கிலியாகக் கோத்து வந்தாலோ அன்றைக்குக் கண் அதன்மேலேயே இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாத முயலை நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்கக் கூடாது. குடல் நின்றுவிட்டால் திரும்ப ஓட வைப்பது கஷ்டம்.

அரளிக்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. வெட்டிவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீனி போன பத்தாம் நாள் அம்மாவே மூன்று கொம்பு ஒடித்து, வாசல் கேட்டுக்கு வெளியே, கால்வாய்த் திண்டை ஒட்டி நட்டார். தினம் இரண்டு வேளை தண்ணீர். மூன்றிலும் துளிர் வந்த பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, "பெரிய மரத்தை எடுத்துடுப்பா" என்றார். அண்ணன் பாராங் கத்தியால் வெட்டி, மண்வெட்டியால் வேர் வரைக்கும் தோண்டினார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழித்ததை எரிக்க விடவில்லை, அரளிப் புகையும் ஆகாது. ஏழு மூட்டையாகக் கட்டி, குப்பை லோரி வருகிற அன்று காலையில்தான் வெளியே வைத்தோம்.

வெளியே நட்டது இப்போது தோளுயரம். காற்றடித்தால் இலை உள்ளே வந்து விழும். அதனால் அம்மா விடியலில் அம்மனுக்குப் பூப் பறித்ததும், வெளிக்குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விளக்குமாறோடு முயல் வேலிக்குள் ஒரு சுற்று வருவார். நான் கூண்டுக் கதவில் கை வைத்துக் காத்திருப்பேன்.

"மூணு" என்றார் இன்று காலை, இலைகளை முந்தானையில் முடிந்துகொண்டே. "இப்ப திற."